14 இடம், 3 நாள், 28 பேர்

வாசகர் கேள்வி–பதில்: பயணம்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையேறிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் ராமநாதபுரம் கடலோரத்துக் குடும்பங்களுக்கு ஊர் சுற்ற நேரம் வாய்க்கிறது. கூட்டமாகச் சென்னை போய்வருவது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 28 பேர் மே மாதம் மூன்று நாள் சென்னை போகிறோம். ஆளுக்கொரு இடம் சொல்லி, பட்டியலில் 14 இடம் சேர்ந்துவிட்டது. மகாபலிபுரமும் அதில் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க எப்படித் திட்டம் போடுவது?
(வாசகி, தங்கச்சிமடம்)

பதில்: பார்க்க முடியாது அம்மா. 14-ஐ 8 ஆக்குங்கள், அந்த எட்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு வரலாம். கணக்கைப் பாருங்கள். 28 பேர் ஒரு வேனில் ஏறி, எண்ணி, உட்கார 10 நிமிடம். இறங்கி ஒன்றுசேர இன்னொரு 10 நிமிடம். ஒரு நாளில் ஐந்து இடம் என்றால் ஏறி இறங்கவே 100 நிமிடம் போய்விடும். அதைவிடப் பெரிய திருடன் கழிப்பறை. இரண்டே கழிப்பறை உள்ள இடத்தில் ஆளுக்கு 3 நிமிடம் என்றாலும் 28 பேர் முடித்து வர 42 நிமிடம். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. அதனால்தான் காலை 11-க்குப் போகவேண்டிய இடத்துக்கு 1 மணிக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

முதலில் கிழமையைப் பாருங்கள், இடத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். கலங்கரை விளக்கத்துக்கும் விவேகானந்தர் இல்லத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிண்டி சிறுவர் பூங்காவும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளி விடுமுறை. மிஞ்சும் புதன், வியாழனில் இவற்றில் எதுவும் மூடியிருக்காது. சனி, ஞாயிறு எல்லாம் திறந்திருக்கும்தான். ஆனால் கோடை விடுமுறையில் சென்னையே அங்கே வந்து நிற்கும். ஆகவே செவ்வாய் இரவு ராமேசுவரத்தில் ரயில் ஏறி, புதன், வியாழன், வெள்ளி பார்த்துவிட்டு வெள்ளி இரவே திரும்புங்கள்.

புதன்: இரவுப் பயணத்தின் களைப்பு இருக்கும், தூரம் வேண்டாம். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகம் போங்கள். 1851-இல் தொடங்கியது. மொத்தத்தையும் பார்க்க ஒரு நாள் போதாது. வெண்கலச் சிலைக் கூடம், அமராவதிச் சிற்பங்கள், திமிங்கல எலும்புக்கூடு இருக்கும் விலங்கியல் பகுதி, இந்த மூன்றும் போதும். பாம்பனுக்கு எதிரே இருக்கும் குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றி 1927-லேயே ஒரு தனி நூல் வெளியிட்டது இந்த அருங்காட்சியகம்தான். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போங்கள், கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கும் விதமே மாறும். மதியம் 1 முதல் 4 வரை அறையில் படுத்துவிடுங்கள். மாலை மெரினா.

வியாழன்: காலை முதல் வேலையாக வண்டலூர். எழும்பூரிலிருந்து புறநகர் மின்சார ரயில் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். 602 ஹெக்டேர் பூங்கா, முழுவதும் நடந்தால் முழங்கால் பேசும். பெரியவர்களுக்குப் பேட்டரி வண்டிச் சீட்டை நுழைந்தவுடன் எடுத்துவிடுங்கள், 11 மணிக்கு மேல் வரிசை நீளும். பிளாஸ்டிக் பையை வாசலிலேயே சோதிப்பார்கள். வெயில் ஏறும் முன் வெளியே வந்து, அதே ரயில் பாதையில் மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர். நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆகாய நடைபாதை இருப்பதால் ரங்கநாதன் தெரு நெரிசலில் நீந்தாமலே கடந்துவிடலாம். துணி எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கூடுமிடமும் நேரமும் சொல்லி விட்டுவிடுங்கள். 28 பேரையும் ஒரே கடைக்குள் கூட்டிப்போனால் யாருமே எதையும் வாங்க மாட்டார்கள்.

வெள்ளி: காலை 7-க்குக் கபாலீசுவரர் கோயில். நண்பகலிலிருந்து மாலை 4 வரை நடை சாத்தியிருக்கும் என்பதால் இதை முதலில் வையுங்கள். அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டரில் சாந்தோம் பேராலயம், புனித தோமையார் கல்லறை உள்ள இடம். பிறகு 10 மணிக்குத் திறக்கும் கலங்கரை விளக்கம். லிப்ட் உண்டு. மேலே நின்றால் கடலும் ஊரும் ஒரு பார்வையில் கிடைக்கும். மதியம் ஓய்வு. மாலை விவேகானந்தர் இல்லம். 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கி ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் வரவேற்பைப் பெற்ற விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் தங்கியது அங்கேதான். நம் கரையில் தொடங்கிய பயணத்தின் மறுமுனை. விட்டுவிடாதீர்கள்.

மகாபலிபுரம் சென்னைக்குத் தெற்கே 55 கிலோமீட்டருக்கு மேல். போக, வர, பார்க்க ஒரு முழு நாள் தின்னும். நான்காவது நாள் இருந்தால் மட்டும் சேருங்கள்.

கேள்வி: ரயில் டிக்கெட்டை எல்லோருக்கும் ஒன்றாகப் போட்டும், போன முறை வயதானவர்களுக்கு மேல் படுக்கை விழுந்துவிட்டது. ஏன்?
(வாசகர், பாம்பன்)

பதில்: ஒன்றாகப் போட்டதால்தான். ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர். ஆனால் 60 வயதான ஆண், 45 வயதான பெண் ஆகியோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இருவராகவோ போகும்போதுதான் வேலை செய்யும். பாட்டியைப் பேரன் பேத்திகளோடு ஆறு பேர் டிக்கெட்டில் சேர்த்தால் அந்தச் சலுகை கிடைக்காது. எனவே 28 பேரில் பெரியவர்கள் நால்வர் என்றால் அவர்களை இரண்டிரண்டாகப் பிரித்து 2 டிக்கெட், மற்ற 24 பேருக்கு ஆறாறாக 4 டிக்கெட். பெரியவர்கள் வேறு பெட்டியில் விழக்கூடும் என்பது இதன் தொல்லை. ரயிலில் ஏறியபின் இடம் மாற்றிக்கொள்வதைவிட, ஒரு இளையவர் அவர்களோடு போய் உட்கார்ந்துகொள்வது சுலபம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கிறது, பயண நாளைச் சேர்க்காமல். மே 12 புறப்பாடு என்றால் மார்ச் 13. மே 15 திரும்பும் டிக்கெட் மார்ச் 16-இல்தான் திறக்கும். போகும் டிக்கெட் எடுத்த மகிழ்ச்சியில் இந்த மூன்று நாள் இடைவெளியை மறந்துவிடுவதால்தான் பல குழுக்கள் திரும்பும்போது காத்திருப்புப் பட்டியலில் தொங்குகின்றன. கவுன்டரில் ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒரு படிவம்தான் வாங்குவார்கள். ஆறு டிக்கெட் என்றால் ஆறு பேர் வரிசையில் நில்லுங்கள். பெயர், வயது, பாலினம் எல்லாம் முதல்நாளே எழுதிய படிவமாக இருக்கட்டும். கவுன்டர் முன்னால் நின்று "அக்கா, உங்களுக்கு வயசு என்ன?" என்று போன் போடுவதற்குள் இடம் போய்விடும்.

5 வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் படுக்கையும் கிடையாது. 5 முதல் 12-க்குள் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு மையத்தில் எழுதிக்கொடுத்து, அவருடைய கணவர், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் பெயருக்கு மாற்றலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாற்ற முடியாது.

இன்னொன்று, டிக்கெட்டில் இறங்கும் இடம் எழும்பூரா, தாம்பரமா என்று பார்த்துவிட்டு அறை பிடியுங்கள்.

கேள்வி: சமையல்காரரோடு போகிறோம். சின்ன கேஸ் சிலிண்டரை ரயிலில் கொண்டுபோகலாமா? சென்னையில் இருக்கும் மச்சானுக்குக் கருவாடும் கொண்டுபோக வேண்டும்.
(வாசகர், மண்டபம்)

பதில்: சிலிண்டர் கூடவே கூடாது. மண்ணெண்ணெய் அடுப்பும் அப்படித்தான். காலியாக இருந்தாலும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டம் 164-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

சமைத்துக் கொண்டுபோங்கள். முதல்நாள் இரவுக்கு இட்லி, மறுநாள் காலைக்குப் புளியோதரை போதும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் ஏறக்குறைய 50 இட்லி. ஆளுக்கு 4 என்று 28 பேருக்கு 112, ஆகவே இரண்டேகால் கிலோ அரிசி. புளியோதரைக்கு ஒரு கிலோ அரிசி 9, 10 பேருக்கு வரும், 3 கிலோ போடுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், மே மாதத்தில் நாலு மணி நேரம் தாங்காது. இட்லிப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இட்லியின் இருபுறமும் தடவிவிடுங்கள்.

பெரும்பாலான கட்டுச்சோறு ஊசிப்போவதற்குக் காரணம் சூட்டோடு மூடுவதுதான். ஆவி மூடியில் பட்டு வேர்த்து, நீராகச் சோற்றின் மேலேயே சொட்டும். அந்த ஈரத்தில்தான் நூல் கட்டும். சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, கையை வைத்தால் சூடு தெரியாத அளவு ஆறவிட்டு, அதன்பிறகு புளிக்காய்ச்சலைக் கிளறுங்கள். இட்லியைத் துணியில் ஆறவைத்து, தணலில் வாட்டிய வாழையிலையில் நாலு நாலாக மடித்து, மேலே செய்தித்தாள் சுற்றுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். பொட்டலத்தின் மேல் பெயரை எழுதவேண்டாம், பெட்டி எண்ணை எழுதுங்கள். இரவு 9 மணிக்குப் பெட்டி பெட்டியாக நடந்து பங்கு போடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கருவாட்டுக்கு வருவோம். நன்றாகக் காய்ந்த நெத்திலி பிரச்சினை தராது. உப்பு மிகுந்த சீலா, கட்டா கருவாடுதான் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், மணமும் அங்கிருந்துதான் கிளம்பும். புறப்படும் நாள் மீண்டும் இரண்டு மணி நேரம் வெயில் காட்டி, ஆறவிட்டு, செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் தடித்த கவர், அதையும் எவர்சில்வர் சம்படத்தில் வைத்து மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ஏசி பெட்டியில் காற்று உள்ளேயே சுற்றும். ஒரு கவர் மட்டும் போட்டால் அரைமணியில் பெட்டி முழுக்க உங்கள் ஊர் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் புகார் செய்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

கேள்வி: உம்மாவுக்கு 68 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார்கள். குடும்பமாக 15 பேர் போகிறோம். மருந்தை எப்படிக் கொண்டுபோவது? வெள்ளிக்கிழமை அங்கே இருப்போம், எங்கே தங்கினால் வசதி?
(வாசகி, கீழக்கரை)

பதில்: இன்சுலினுக்கு வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. ஐஸ்கட்டிமேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகும், பிறகு கரைந்தாலும் பயன்படுத்தக் கூடாது. அகன்ற வாயுள்ள பிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீரும் நாலைந்து ஐஸ் துண்டும் போட்டு, மருந்தைத் தண்ணீர் புகாத கவரில் போட்டு, துணி சுற்றி உள்ளே வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐஸ் மாற்றினால் போதும். ரயிலில் இருக்கைக்கு அடியில் தள்ளாமல் கைப்பையில் இருக்கட்டும். வேனின் முன்கண்ணாடி ஓரத்திலோ டிக்கியிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். மருந்துச் சீட்டின் நகலும், இன்னொரு செட் ஊசியும் வேறொருவர் பையில் இருக்கட்டும்.

கூட்டமாகப் போகும்போது உண்மையான ஆபத்து வேறு. வீட்டில் ஊசி போட்டதும் சோறு தட்டில் வரும். ஓட்டலில் 15 பேருக்கு இலை போட்டுச் சோறு வர 40 நிமிடம் ஆகலாம். அதற்குள் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை, சாப்பாடு மேசைக்கு வந்தபின் ஊசி போடச் சொல்லுங்கள். உம்மாவின் மடியிலேயே குளுக்கோஸ் பொட்டலமும் நாலு பிஸ்கட்டும் இருக்க வேண்டும். புதுச் செருப்பு வேண்டாம், பழகியதே போதும். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்தது தெரியாது. இரவு படுக்குமுன் ஒருவர் டார்ச் அடித்து இரண்டு பாதத்தையும் பார்த்துவிடுங்கள்.

தங்க திருவல்லிக்கேணி வசதி. 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கிறது, மெரினா நடை தூரம், ஹலால் உணவகங்களும் நிறைய. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், ஜும்ஆவுக்கு ஆண்கள் போய்வரும் வரை உம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும். அறை பேசும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?" காலை 7-க்கு வந்து இறங்கும் உங்களுக்கு 12 மணிக் கணக்கு உள்ள விடுதி என்றால், காலையிலேயே அறை கேட்டால் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: கடலிலேயே வளர்ந்த பிள்ளைகள், மெரினாவில் குளிக்கக்கூடாது என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்கள். நம்ம கடலை விடவா?
(வாசகி, தேவிபட்டினம்)

பதில்: நம்ம கடலை விடத்தான். தேவிபட்டினத்துக் கடல் பாக் விரிகுடா. இந்தப் பக்கத்தில் பெண் கடல் என்பார்கள். ஆழம் குறைவு, நெடுந்தூரம் நடந்துபோகலாம், அலையும் அடங்கியே இருக்கும். தனுஷ்கோடியின் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பதன் பொருள் உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும். மெரினா திறந்த வங்கக் கடல். கரையை ஒட்டியே தரை சட்டென்று சரியும். அலை உடைந்து திரும்பும் வேகத்தில் காலடி மணலை வாரிக்கொண்டு போகும். இடையிடையே கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் உண்டு, மேலிருந்து பார்த்தால் அலை குறைந்த அமைதியான இடம்போலவே தெரியும். நீந்தத் தெரிந்தவர்களே அந்த அமைதியை நம்பி இறங்குவார்கள். குளிக்கத் தடையும் உண்டு, ரோந்துப் போலீஸ் விரட்டும். கணுக்கால் நனைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: தொண்டியிலிருந்து பஸ்ஸில் போனால் கோயம்பேட்டில் இறங்கலாமா?
(வாசகர், தொண்டி)

பதில்: தென்மாவட்ட அரசுப் பேருந்துகளுக்கு இப்போது கிளாம்பாக்கம்தான், 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. வண்டலூருக்கு அடுத்தே இருக்கிறது. நகரத்துக்குள் போக மாநகரப் பேருந்து உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். முன்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியிருப்பதைப் பார்த்து ஏறலாம்.

கேள்வி: மூன்று நாளுக்கு ஒரு ஆளுக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும்? கூட்டத்தில் யாரும் தொலையாமல் இருக்க என்ன வழி?
(வாசகி, ஏர்வாடி)

பதில்: ஒரு ஆளுக்கு ஒரு தோள்பை, ஒரு கைப்பை. தோள்பை 7 கிலோவைத் தாண்டவேண்டாம். தூங்கும் வசதிப் பெட்டியில் 40 கிலோ வரை ரயில்வே அனுமதிக்கும்தான், ஆனால் எழும்பூர் மேம்பாலப் படியில் அதைத் தூக்கப்போவது ரயில்வே அல்ல. பருத்தி உடை மூன்று செட், அதில் ஒன்று கைப்பையில். பட்டுப்புடவை ஒன்றுகூட வேண்டாம், சென்னை வெயிலில் அது தண்டனை. நம் கரையில் பகல் முழுக்கக் காற்று வீசும். சென்னையில் கடற்காற்று நண்பகலுக்குமேல்தான் உள்ளே வரும், சில நாள் தாமதமாகும். அதுவரை புழுங்கும். துண்டு இரண்டு, மெல்லிய போர்வை ஒன்று, குடை, ஒரு லிட்டர் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், பூட்டு. எழும்பூரில் பொருள் காப்பறையில் பூட்டில்லாத பையை வாங்கமாட்டார்கள். டிக்கெட்டும் காட்டவேண்டும்.

குழுவுக்குப் பொதுவாக: ஆதார் நகல் அனைவருடையதும் ஒரே கோப்பில் (விடுதியில் கேட்பார்கள்), அசல் அவரவரிடம். ஒரு நீட்டிப்பு பிளக் பலகை, ஏனென்றால் அறையில் இரண்டு சாக்கெட்தான் இருக்கும், போன் ஆறு இருக்கும். ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜர் மின்சாரத்தை நிறுத்துவதால் ஏறியவுடன் போட்டுவிடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் 10. பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்கவேண்டும். பாதியைப் பிரித்து ஒரு டம்ளரில் போட்டால் உப்பு மிஞ்சி வயிற்றுப்போக்கு கூடும்.

தொலைவதைத் தடுக்க, 28 பேரையும் ஒருவர் எண்ணவேண்டாம். நாலு நாலு பேராக ஏழு கை பிரித்து, கைக்கு ஒரு பொறுப்பாளர். எண்ணும்போது தலைவி "ஒன்று" என்றால் முதல் கைப் பொறுப்பாளர் "நாலும் இருக்கு" என்பார். ஏழு குரலில் முடிந்துவிடும். மெட்ரோ கதவு யாருக்காகவும் நிற்காது. பாதிப்பேர் உள்ளே, பாதிப்பேர் வெளியே என்றானால் ஒரே விதி: ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி நில்லுங்கள், ஏறாதவர்கள் அடுத்த ரயிலில் வந்து சேருங்கள். இரு பக்கமும் தேடிக் கிளம்பினால்தான் அரைநாள் போகும். பிள்ளைகளின் சட்டைப் பையில் விடுதியின் பெயரும் இரண்டு போன் எண்ணும் எழுதிய சீட்டு. எண்ணைப் பேனாவால் எழுதுங்கள், ஸ்கெட்ச் மை வியர்வையில் கரைந்துவிடும்.

கேள்வி: பொதுச் செலவுப் பணத்தில் எப்போதும் சண்டை. எப்படி வசூலிப்பது?
(வாசகர், சாயல்குடி)

பதில்: டிக்கெட்டும் அறையும் முன்பே வசூல். வேன், சாப்பாடு, நுழைவுச்சீட்டுக்குத் தனி உண்டியல், கணக்கிட்டதற்குமேல் பத்தில் ஒரு பங்கு கூட. பணம் ஒருவரிடம், நோட்டு வேறொருவரிடம். இருவரும் கணவன் மனைவியாக இருக்கக்கூடாது. நூறு, ஐம்பது, இருபது நோட்டாக மாற்றி வையுங்கள். சொந்தமாக வாங்கும் இளநீர், ஐஸ்கிரீம் உண்டியலில் சேராது என்று ரயில் ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். மிச்சத்தைத் திரும்பும் ரயிலில் பரமக்குடி தாண்டுமுன் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், ராமநாதபுரத்திலிருந்தே ஆள் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள்.